கேதம் என்றொரு ஈவென்ட்

ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதன் பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, எர்ணாகுளத்தில் சென்ட்ரிங் வேலை, அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியில் கிளீனர் என்று போய்க்கொண்டிருந்தேன். எங்கும் முழுதாக ஒரு வருஷம் இருந்ததில்லை. யாரும் துரத்தியதில்லை. ஒரு நாள் காலையில் எழுந்ததும் இங்கே போதும் என்று தோன்றும், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். லாரியை விட்டு மறுபடி எர்ணாகுளம் போனபோது சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. பெரம்பலூருக்குக் கொண்டுவந்து எங்கள் வீட்டில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு கட்டிலில் போட்டார்கள். அப்போதுதான் முதல் முறையாக ஒரே இடத்தில் கிடந்தேன்.

கையில் ஒரு போன் இருந்தது. சினிமா பார்த்துப் பார்த்துச் சலித்து, ஜாவாஸ்கிரிப்ட் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களில் போய் விழுந்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் புரோகிராமில் வரும் இங்கிலீஷ் கொஞ்சம்தான், திரும்பத் திரும்ப அதே சொற்கள்தான். சென்ட்ரிங் வேலையில் கம்பி கட்டுவதுபோல அதையும் கட்டலாம் என்று பட்டது. கால் கூடி எழுந்தபோது ஒரு பக்கம் சற்றுக் குட்டையாகியிருந்தது. சாரம் ஏற முடியாது, மூட்டை தூக்க முடியாது. போனில் கற்றது மட்டும்தான் கையில் இருந்தது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. இறந்தவரைக் கிடத்தும் கண்ணாடிப் பெட்டி, பந்தல், பிளாஸ்டிக் சேர், சுடுகாட்டுக்குப் போகும் வண்டி எல்லாம் அந்தக் கடை முதலாளியிடமே. அரியலூரில் ஒரு ஷெட் போட்டு அங்கேயும் பெட்டியும் வேனும் வைத்திருந்தார். அதனால் குழப்பம் அதிகம். ஒரு வீட்டிலிருந்து போன் வந்தால் அவர் வேன் டிரைவருக்குச் சொல்ல வேண்டும், பந்தல்காரருக்கு, ஃபிளக்ஸ் அடிக்கிறவருக்கு, பூக்கடைக்கு, மேளத்துக்குச் சொல்ல வேண்டும். யாராவது ஒருவரை மறந்துவிடுவார். சேர் வந்திருக்கும், பந்தல் வந்திருக்காது. வெயிலில் உட்கார்ந்து அழுகிறவர்கள் அவரைத் திட்டுவார்கள். ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாருக்கும் செய்தி போகிற மாதிரி செய்து தருகிறேன் என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்தேன்.

முதலில் எழுதியது மோசம். சாவு என்று ஒரே கட்டாக எழுதி, அதற்குள்ளேயே டிரைவருக்கு அனுப்பு, பந்தலுக்கு அனுப்பு, பூவுக்கு அனுப்பு என்று அடுக்கியிருந்தேன். முதலாளி பூக்கடையை மாற்றினால் அந்தக் கட்டை அறுத்து உள்ளே கை விட வேண்டும். ஒரு தடவை பூவை மாற்றப்போய் சேருக்கான வரியையும் சேர்த்து அழித்துவிட்டேன். குரும்பலூரில் ஒரு வீட்டில் ஊரே நின்றுகொண்டே அழுதது.

பிறகுதான் ஈவென்ட் மாட்யூல் என்று புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் ஒரு துண்டைப் பற்றிய வீடியோவைப் பார்த்தேன். அதில் இருப்பது இரண்டே வேலை. ஒன்று எமிட். ஒரு பெயரைச் சொல்லி, இது நடந்துவிட்டது என்று அறிவிப்பது. இன்னொன்று ஆன். அந்தப் பெயர் எப்போது அறிவிக்கப்பட்டாலும் எனக்குச் சொல் என்று முன்கூட்டியே பதிந்துவைப்பது. அறிவிக்கிற பகுதிக்குக் கேட்கிறவர் யார் என்று தெரியாது. தெரியவும் வேண்டாம். கேட்க ஒருவருமே பதியாமல் இருந்தாலும் அது பாட்டுக்கு அறிவித்துவிட்டுப் போய்விடும், பிழை என்று எதுவும் காட்டாது. பந்தல்காரர் தன் வரியைத் தானே பதிந்துகொள்ளலாம், பூக்கடை தன் வரியை. ஒருவர் போனால் இன்னொருவர் வரியில் கை வைக்க வேண்டியதில்லை.

அந்த ஈவென்டுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. கேதம் என்று வைத்தேன். எங்கள் பக்கம் சாவுச் செய்தியைக் கேதம் என்றுதான் சொல்வோம்.

என் அப்பா இளம் வயதில் கேதம் சொல்லப் போனவர். பண்ணைக்காரர் வீடுகளில் யாராவது இறந்தால், உறவுக்காரர்கள் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டியது எங்கள் தெரு ஆட்களின் வேலை. வாசலுக்கு வெளியே நின்று சொல்ல வேண்டும். கொடுக்கிற நெல்லைத் துண்டில் வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். எந்த எந்த வீடு என்பதை மனதில் வைத்திருக்க வேண்டும். பங்காளி வீடு ஒன்று விட்டுப்போனால் அவர்கள் இழவு வீட்டில் வந்து சண்டை பிடிப்பார்கள், அடி சொல்லப்போனவனுக்கு விழும். அப்பாவின் தலைமுறையோடு அதை விட்டுவிட்டார்கள். இனி மாட்டோம் என்று சொன்னதற்கும் சிலர் அடி வாங்கியிருக்கிறார்கள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டபோது விளக்கினேன். அப்பா பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்.

"நாங்க விட்டத நீ போயி புடிச்சிருக்க. நடந்து சொன்னோம். நீ உக்காந்து சொல்ற."

"இது அது இல்லப்பா. யாருக்குச் சொல்லணும்னு நமக்குத் தெரிய வேண்டியதே இல்ல. கேக்க நெனைக்கிறவங்க அவங்களே பதிஞ்சுக்குவாங்க."

"அப்ப அடி யாருக்கு வுழும்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கடைக்கு இரண்டு கடை தள்ளிப் பூக்கடை. அங்கே மாலை கட்டும் ஓர் அக்கா இருந்தார். குரும்பலூரில் குடியிருந்தார். கணவர் கேரளாவில் டைல்ஸ் ஒட்டப் போயிருந்தார். பூக்கடையின் போனுக்கு என் செய்தி வரும்போதெல்லாம் கடைக்காரரை முந்திக்கொண்டு அவர்தான் எடுத்துப் பார்ப்பார். ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று மட்டும் அதில் இருக்கும். மாலையின் அளவுக்காகப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் டீ வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.

"தம்பி, அரியலூர் பக்கத்துக் கேதம் எங்க கடைக்கு வராதா?"

"அது அரியலூர் பூக்கடைக்குப் போவும்க்கா. ஒங்களுக்குப் பெரம்பலூர் பக்கம் மட்டும்தான்."

"எனக்கு ஒரு ஊரு மட்டும் வர்ற மாதிரி வைக்க முடியுமா? கடை போனுக்கு வேணாம். என் போனுக்கு."

விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரைச் சொன்னார். யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"எங்கம்மா. மூணு தடவ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திருக்கு."

"ஒங்க வூட்ல சொல்ல மாட்டாங்களா?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "எனக்கே கேதம் சொல்லியாச்சு தம்பி. ஒங்க தெரு ஆளைக் கட்டிக்கிட்டு வந்த அடுத்த வாரம், எங்கப்பா என் போட்டோவப் போட்டு கண்ணீர் அஞ்சலின்னு போஸ்டர் அடிச்சு அரியலூர் பஸ் ஸ்டாண்ட்ல ஒட்டுனாரு. நான் அந்த வழியா பஸ்ல வந்து பாத்தேன். போட்டோ நல்லாத்தான் இருந்துச்சு. செத்தவளுக்கு யாரு கேதம் சொல்லுவா?"

"போனா உள்ள வுடுவாங்களா?"

"ஒப்பாரி வச்சுக்கிட்டு வர்ற மவள வாசல்ல வச்சு யாரும் அடிக்க மாட்டாங்க. ஊரே பாக்கும்ல. எரிக்கறதுக்கு முன்னாடி மொகத்தப் பாத்துட்டு வந்துடுவேன். அவ்ளோதான் எனக்கு."

ஒரே ஒரு வரிதான். கேதம் வந்தால், ஊர் அதுவாக இருந்தால், இந்த எண்ணுக்கு அனுப்பு. எழுதி முடிக்கும்போது அவர் டீ கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார். முதலாளியிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஒருவர் காது கொடுத்து வைக்கலாம் என்பதுதான் அந்த மாட்யூலே. இறந்தவர் வீட்டார் யாருக்குச் சொல்வது என்று முடிவுசெய்வது ஒரு பக்கம் நடக்கட்டும், கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

சோளம் காய்கிற காலம். பெரம்பலூரைச் சுற்றிப் பாதி ரோட்டில் மக்காச்சோளத்தைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். அப்படி ஒரு நாள் காலை, முதலாளிக்கு ஒரு போன் வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். அவர் பேசியது கொஞ்சம்தான்.

"சொல்லுங்க... ஆமாங்க... எந்த ஊருங்க... அம்மாவுக்குங்களா... சரிங்க, அரியலூர்லேருந்து இப்பவே அனுப்பிடறேன்."

போனை வைத்துவிட்டு ஊரையும் பெண் என்பதையும் தேர்ந்தெடுத்து, பட்டனைத் தட்டினார். லேப்டாப்பில் ஊர்ப் பெயரைப் பார்த்தேன். நான் எழுந்து வெளியே வருவதற்குள் அந்த அக்கா பூக்கடையை விட்டு வந்துகொண்டிருந்தார். கையில் பாதி கட்டிய மாலை இருந்தது. நாரைப் பல்லால் அறுத்து முடிச்சுப் போட்டார். அழவில்லை.

"பஸ்ஸு எப்ப தம்பி?"

அரியலூர் போய் மாற வேண்டும். விக்கிரமங்கலம் பஸ் எப்போது என்று சொல்ல முடியாது. கடையில் ஒரு டிவிஎஸ் வண்டி நின்றது. சாமான் வாங்கப் போவதாகச் சொல்லி எடுத்தேன்.

அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகளுக்கு நடுவில் போவது எனக்குப் பழக்கம். கிளீனராக இருந்தபோது அந்த ரோட்டில் எத்தனையோ வண்டி கவிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன். புழுதியில் இருவர் தலையும் வெளுத்துப்போயின. அரியலூரில் நிறுத்தச் சொன்னார். ஒரு ஜவுளிக் கடைக்குள் போய்ப் புதுச் சேலை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். மகள் போடும் சேலை அம்மாவின் மேல் கிடக்க வேண்டும் என்றார். வழியெல்லாம் அவர் பேசியது அது ஒன்றுதான்.

ஊர் முனையில் இறங்கிக்கொண்டார். "நீங்க உள்ள வராதீங்க" என்றார். அங்கேயே கொண்டையை அவிழ்த்து விட்டார். மாலையை ஒரு கையிலும் சேலையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்க ஆரம்பித்ததும்தான் அழுகை வந்தது. சாவு வீட்டுக்கு வரும் மகள் தெரு முனையிலேயே ஆரம்பித்துவிட வேண்டும், அது முறை. என்னைப் பெத்த தாயே, கடைசியா ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டியே என்று பெருங்குரலில் அழுதுகொண்டே போனார். வீடுகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி வாயில் கை வைத்தாள். அடையாளம் தெரிந்ததால் என்று நினைத்தேன்.

மனசு கேட்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு சற்றுப் பின்னால் போனேன். எங்கள் வேன் தெருவில் ஒரு புளிய மரத்தடியில், அந்த வீட்டுக்குச் சற்றுத் தள்ளி நின்றது. பின்கதவு மூடியிருந்தது. டிரைவர் சீட்டில் சாய்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். பந்தல் இல்லை. சேர் இல்லை. மேளச் சத்தம் இல்லை. வாசலில் ஒரு கன்றுக்குட்டி கட்டியிருந்தது.

"ஏண்ணே, பொட்டிய எறக்கலியா?" என்று கேட்டேன்.

"இன்னும் ஆவலப்பா."

"என்ன ஆவல?"

"உசுரு இருக்கு. இழுத்துக்கிட்டு கெடக்கு. இன்னிக்கோ நாளைக்கோ."

"அப்பறம் எதுக்கு வந்தீங்க?"

அவர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார். "எப்பவும் இப்புடித்தானப்பா. அப்பறமா கேட்டா பொட்டி கெடைக்காதுன்னு முன்னாடியே சொல்லி வச்சுருவாங்க. நான் வந்து தள்ளி நிப்பேன். ஆனதும் கூப்புடுவாங்க. ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. அவர்களுக்குச் சொல்லவேண்டிய விஷயமாகவே அது தோன்றியிருக்காது. பந்தல்காரரும் மேளக்காரரும் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு டிரைவர் கூப்பிட்ட பிறகுதான் கிளம்புவார்களாம். பூவும் ஃபிளக்ஸும் எப்படியும் சில மணி நேரம் எடுக்கும், முன்கூட்டியே செய்தி போனதால் அதுவரை யாருக்கும் எதுவும் கெட்டதில்லை. நான் அந்த அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே நொண்டி நொண்டி ஓடினேன். அவர் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். அழுகை வீட்டுக்குள் போனது. பிறகு நின்றது. இவ்வளவு பெரிய சத்தம் அப்படிச் சட்டென்று நின்றதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

உள்ளே நடந்ததை அவர் பிறகு சொன்னதால்தான் தெரியும். அவருடைய அம்மா கட்டிலில் கிடந்தார். சுற்றி நாலைந்து பெண்கள். அழுகைச் சத்தம் கேட்டு, அத்தனை நாள் மூடியிருந்த கண்ணை அந்த அம்மா திறந்துவிட்டார்.

"யாருடி செத்தது?" என்று கேட்டாராம்.

இந்த அக்கா மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "யாரும் சாவலம்மா. நான்தாம்மா வந்திருக்கேன்" என்று சொல்லியிருக்கிறார். அம்மா இவரையே பார்த்துக்கொண்டு இருந்தாராம். அடையாளம் தெரிந்து பார்த்தாரா, சத்தம் வந்த திசையைப் பார்த்தாரா என்று சொல்ல முடியவில்லை. கையைத் தொடலாம் என்று குனிவதற்குள் அண்ணன் வந்து முடியைப் பிடித்துவிட்டார்.

நான் பார்த்தது அதற்குப் பிறகு நடந்தது. அவிழ்ந்த முடியைப் பிடித்து வாசல்வரை இழுத்து வந்து தள்ளினார் அந்த அண்ணன். மாலையைப் பிய்த்து அவர் மேலேயே எறிந்தார். உசுரோட இருக்கிற மனுஷிக்கு ஒப்பாரி வைக்கிறியே, நீ விளங்குவியா என்று கத்தினார். அதில் ஊருக்குள் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததாகத் தெரியவில்லை. உயிரோடு இருப்பவர் வாசலில் ஒப்பாரி வைப்பதைவிடப் பெரிய கேடு அந்தப் பக்கம் கிடையாது. வயதான ஒருவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் தலையைத் திருப்பவே இல்லை. அது அப்பா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"எவன்டி ஒனக்குச் சொன்னது?"

அக்கா வாயைத் திறக்கவில்லை. ஆனால் பெட்டிக்குச் சொன்னது அண்ணனே, ஒரே ஒரு போன்தான் செய்திருக்கிறார். வேனில் கடைப் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. நான் போட்டிருந்த சட்டையிலும் அதே பெயர். சில ஆட்கள் என்னிடம் வந்தார்கள்.

"எந்த ஊரு நீ?"

சொன்னேன்.

"எந்தத் தெரு?"

அதையும் சொன்னேன். சொல்லாவிட்டாலும் அவர்களுக்குத் தெரியும். முதல் அடி காதில் விழுந்தது. கீழே விழுந்த பிறகு யார் யார் அடித்தார்கள் என்று பார்க்கவில்லை, முறிந்த காலை மட்டும் மடக்கி அணைத்துக்கொண்டு கிடந்தேன். ஒரு பல் போனது. வண்டியின் ஹெட்லைட்டை உடைத்தார்கள். டிரைவர் இறங்கி வந்து கும்பிட்டு, "வுடுங்க, சின்னப் பையன், தெரியாம வந்துட்டான்" என்று சொல்லி என்னை இழுத்து வேனில் போட்டார். அக்காவும் ஏறிக்கொண்டார். பெட்டி பின்னால் காலியாகக் குலுங்கிக்கொண்டே வந்தது. டிவிஎஸ் வண்டியை அவர்கள் தரவில்லை, மறுநாள் முதலாளி போய்க் கெஞ்சி வாங்கிவந்தார்.

வேனில் வரும்போது, "மன்னிச்சுக்குங்கக்கா" என்றேன். வாயில் ரத்தம் இருந்ததால் அது சரியாகக் கேட்டிருக்காது.

அவர் முடியை முடிந்துகொண்டே, "கண்ணு தொறந்துச்சு தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதையே சொன்னார்.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்தப் புரோகிராமைத் தொட்டுப் பார்க்க அவருக்கு வேறு ஆள் இல்லை. ஆனால் நிறையத் திட்டினார்.

"ஒரு வூட்டு சமாச்சாரத்த ஊர்ல எவனுக்கோ சொல்லுவியா? என் பொழப்பு என்னடா ஆவறது?"

"நீங்க ஆயிருச்சான்னு கேட்டுட்டுத்தானண்ணே பட்டன அமுக்கணும்."

அவர் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எப்புடிடா கேக்க முடியும்? போன் பண்ணி அம்மாவுக்குப் பொட்டி வேணும்ங்கிறவன்கிட்ட, செத்தாச்சான்னு கேக்கச் சொல்றியா? அவனும் சொல்ல மாட்டான், நானும் கேக்க மாட்டேன். இத்தன வருஷமா அந்த வார்த்தய நான் போன்ல சொன்னதே இல்ல."

அது உண்மை. அவர் பேசியதை நான் பக்கத்தில் இருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு, அப்பாவுக்கு, பெரியவருக்கு என்பார்கள். சரிங்க அனுப்பிடறேன் என்பார். அந்தச் சொல் இரண்டு பக்கமும் வராது. வராத சொல்லை வந்ததாக வைத்து நான் புரோகிராம் எழுதியிருந்தேன்.

அதனால் ஒரு ஈவென்டை இரண்டாகப் பிரித்தேன். போன் வந்ததும் முதலாளி தட்டுவது பெட்டி என்ற ஈவென்ட். அதை டிரைவர் மட்டும் கேட்பார். பெட்டியை வீட்டில் இறக்கி, உள்ளே ஆளைக் கிடத்தி, கரண்டில் சொருகி ஸ்விட்சைப் போட்ட பிறகு டிரைவர் தன் போனில் ஒன்று தட்ட வேண்டும். அப்போது போவதுதான் கேதம். யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. பந்தல், சேர், பூ, மேளம் எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். அக்காவின் எண்ணையும் அந்தப் பக்கமே வைத்தேன். முதலாளி அதை எடுத்துவிடச் சொல்லியிருந்தார். எடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

எண் இருந்தும் பயன் இல்லை. அந்த வீட்டார் எங்கள் கடைக்கு மறுபடி போன் செய்யவே இல்லை. அந்த அம்மா அதன் பிறகும் சில நாள் இருந்திருக்கிறார். இறந்தபோது ஜெயங்கொண்டத்தில் உள்ள ஒரு கடையிலிருந்து பெட்டி வரவழைத்திருக்கிறார்கள். சந்தைக்கு வெங்காயம் கொண்டுவந்த அந்த ஊர்ப் பெண் ஒருத்தி பூக்கடையில் நின்று பேசியதில்தான் இந்த அக்காவுக்குத் தெரிந்தது. அதற்குள் கருமாதியே முடிந்திருந்தது.

அன்று சாயங்காலம் கடைக்கு வந்தார். முதலாளி இருந்தார். அதை அவர் பொருட்படுத்தவில்லை.

"தம்பி, ஒங்க மிஷினு உசுரு இருக்கறப்ப வந்து சொல்லுச்சு. செத்தப்ப சொல்லலியே."

"அது வேற கடைப் பொட்டிக்கா. நமக்குத் தெரியாது."

"தெரியும். சும்மா சொன்னேன்."

உட்கார்ந்தார். எங்கள் கடையில் உட்காருகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு சாவுக்காக வந்தவர்கள்தான், அதனால் முதலாளி பழக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். கொஞ்சம் குடித்தார்.

"எரிக்கறதுக்கு முன்னாடி பாக்கணும்னு சொன்னேன்ல. அது நடக்கல" என்றார்.

"ஆமாக்கா."

"நடந்திருந்தா கண்ண மூடிக்கிட்டுத்தான கெடந்திருக்கும்."

லேப்டாப்பைத் திறந்து, "எடுத்துடட்டுமாக்கா, ஒங்க நம்பர?" என்று கேட்டேன். எடுத்துவிட்டதாகச் சொன்ன பொய் அங்கே தெரிந்துபோனது. முதலாளி என்னை முறைத்தார்.

"வேணாம். எங்கப்பா இருக்காருல்ல."

"அவரு ஒங்கள..."

"ஆமா. போஸ்டர் அடிச்சாரு. அதுக்கென்ன." பாட்டிலை மூடினார். "ஆனா செத்தப்பறம் வேணாம் தம்பி. அதுக்கு எவ்வளவோ பேரு வருவாங்க, மால போடுவாங்க. பொட்டிக்குச் சொல்லி வுடறாங்கள்ல, அப்ப எனக்குத் தெரியணும். அவரு கண்ணு தொறந்திருக்கறப்ப போயி முன்னாடி நிக்கணும். அடிச்சா அடிக்கட்டும்."

"அவங்க இனிமே இங்க கேக்க மாட்டாங்களேக்கா. ஜெயங்கொண்டம் கடைக்குல்ல போவாங்க."

"அந்தக் கடையில இந்த மிஷினு வச்சிருக்காங்களா?"

முதலாளி குறுக்கே பேசினார். "அவன் என் போட்டிக்காரன்ம்மா."

அவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். கெஞ்சவில்லை, சும்மா பார்த்தார். முதலாளி எழுந்து வெளியே போய் வெற்றிலை துப்பிவிட்டு அங்கேயே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. எனக்கு அது போதும்.

பெரம்பலூரில் நான் இருந்ததே எனக்கு அதிகமாகப் பட்டுக்கொண்டிருந்த காலம். அந்த வாரம் பையை எடுத்துக்கொண்டு ஜெயங்கொண்டம் போனேன். அந்தக் கடைக்காரர் வயதானவர், நம்பாதவர். எல்லாவற்றையும் போனில் சொல்லியே பழகிவிட்டது, இது எதற்கு என்று கேட்டார். ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். உதட்டில் தையல் போட்ட இடத்தைப் பார்த்து, யாரிடம் அடி வாங்கினாய் என்று கேட்டார். லாரியிலிருந்து விழுந்தேன் என்றேன். கடைசியில், "சரி, போட்டு வையி, பாப்போம்" என்றார்.

பெட்டி அடுக்கியிருந்த ஷெட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினேன். அவருடைய பந்தல்காரர், சேர்க்காரர், பூக்கடை, மேளம் எல்லாரையும் கேதத்தில் போட்டேன். டிரைவரைப் பெட்டியில் போட்டேன். பெட்டியில் இன்னொரு வரி சேர்த்தேன். ஊர் அதுவாக இருந்தால், ஆண் என்றிருந்தால், குரும்பலூரில் உள்ள அந்த எண்ணுக்கு அனுப்பு. சரியாகப் போகிறதா என்று சோதித்துப் பார்க்க ஒரு தடவை நானே எமிட் செய்ய வேண்டும். செய்தால் அக்காவின் போனில் செய்தி வரும், அவர் கிளம்பிவிடுவார். அதனால் அந்த ஒரு வரியை மட்டும் சோதிக்காமல் விட்டுவிட்டுத் திருப்பூர் பஸ் ஏறினேன்.